காகிதமும் காடும் – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

ஒவ்வொரு புத்தகத்துக்கும் காட்டில் ஒரு மரம் விழுகிறது என்று என் மகள் பள்ளியில் கேட்டுவந்து, நான் புத்தகம் வாங்கும்போதெல்லாம் முகம் சுளிக்கிறாள். அச்சுநூல்களை விட்டு மின்னூலுக்கு மாறினால் காடு பிழைக்குமா? வீட்டளவில் செய்யக்கூடியது என்ன?

க.சு., நாமக்கல்

அன்புள்ள க.சு.,

உங்கள் மகளின் அக்கறை மதிக்கத்தக்கது. ஆனால் அவர் கேட்டுவந்த கணக்கு நம் ஊருக்கு அப்படியே பொருந்தாது. ஆலைகள் தமக்கு வேண்டிய மரத்தை இயற்கைக் காடுகளிலிருந்து எடுக்காமல் உழவர்களைக் கொண்டு வளர்த்துப் பெறவேண்டும் என்று 1988ஆம் ஆண்டின் தேசிய வனக் கொள்கை வலியுறுத்தியது. இன்று நம் காகித ஆலைகள் பெரும்பாலும் வயலில் வளரும் சவுக்கையும் தைலமரத்தையும், கரும்புச் சக்கையையும், பழைய காகிதத்தையும் நம்பியே ஓடுகின்றன. காவிரிக்கு அக்கரையில் உங்களுக்கு அருகிலேயே இருக்கும் காகிதபுரம் ஆலை, கரும்புச் சக்கையை முதன்மை மூலப்பொருளாகக் கொண்டு தொடங்கப்பட்டதுதான். முதுமலையில் பரவி உள்ளூர்ச் செடிகளைத் தலையெடுக்கவிடாத மஞ்சள் கொன்றை என்னும் அந்நிய மரத்தை வெட்டிக் கூழாக்கும் பணியும் அந்த ஆலையிடமே ஒப்படைக்கப்பட்டது. காகிதத்துக்காக மரம் வெட்டுவது சில இடங்களில் காட்டுக்கு நன்மையாகவும் முடியும் என்பதை மகளிடம் சொல்லிப் பாருங்கள். புத்தகம் வாங்க அனுமதி கிடைத்தாலும் கிடைக்கும்.

அதற்காகக் காகிதத்தை வீணாக்கலாம் என்று பொருளில்லை. காகிதம் செய்ய நீரும் நிலமும் ஏராளமாக வேண்டும். பழைய காகிதம் போதாமல் வெளிநாடுகளிலிருந்து கப்பல் கப்பலாக வாங்கும் நாடு நம்முடையது. இங்கேயோ நல்ல காகிதம் சாம்பார் கசிந்த குப்பையோடு கலந்து கிடங்குக்குப் போகிறது. ஆலையில் பழைய காகிதத்தை நீரில் கரைத்தே கூழாக்குகிறார்கள் என்பதால், எண்ணெய் ஏறிய பிரியாணிப் பெட்டி ஒன்று சேர்ந்தாலும் கூழின் தரம் கெடும். ஆகவே காகிதத்தைச் சமையலறைத் தொட்டியில் போடாமல், ஈரம் படாத இடத்தில் ஒரு சாக்கில் சேர்த்துப் பழைய பேப்பர் கடையில் போடுவதே முதல் வேலை. ஆண்டிறுதியில் நோட்டுகளில் மிஞ்சும் வெள்ளைத் தாள்களை உருவித் தைத்து ரஃப் நோட்டாக்கும் வழக்கத்தை நம் வீடுகள் ஏன் கைவிட்டன என்று தெரியவில்லை.

காகிதம் போலத் தோன்றி ஏமாற்றுபவையும் உண்டு. தேநீர்க் கடைக் காகிதக் கோப்பையை ஊறவைத்துக் கிழித்தால் உட்புறத்திலிருந்து மெல்லிய பிளாஸ்டிக் தோல் உரிந்துவரும். 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் தடைசெய்யப்பட்டவற்றில் அதுவும் ஒன்று என்பதைக் கடைகளைப் பார்த்தால் நம்ப முடியாது. இன்றைய கல்யாணப் பத்திரிகையும் அந்த இனம்தான். அதன் ஓரத்தைக் கிழித்துப் பாருங்கள், கிழியாமல் ஒரு படலம் இழுபட்டால் அது கூழுக்கு உதவாது. உங்கள் வீட்டு விசேஷத்துக்குப் பத்திரிகை அடிக்கும்போது லேமினேஷனும் தங்க ஃபாயிலும் வேண்டாம் என்று அச்சகத்தில் சொல்லிவிடுங்கள், செலவும் குறையும்.