சிறிய மண்பாதை பைக்கின் பின்பக்க ஷாக்: கேள்வி பதில்

ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 வகை வண்டிகளைப் பற்றிய கேள்விகளே மிகுதியாக வந்திருப்பதால், அதையே முன்மாதிரியாக வைத்துப் பதில் எழுதுகிறேன். அளவுகள் மாறினாலும் முறை எல்லா வண்டிக்கும் ஒன்றுதான். பிரீலோட் என்பது ஷாக்கின் ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைத்திருக்கும் அளவு; அதைப் படிபடியாக ஏற்றவோ இறக்கவோ முடியும்.

கேள்வி: ஐயா, என் எடை 58 கிலோ. பின்பக்க பிரீலோடை எத்தனையாவது படியில் வைக்க வேண்டும்?

பதில்: எடையை மட்டும் வைத்துப் படி எண்ணைச் சொல்ல முடியாது, அளந்துதான் சொல்ல முடியும். பின்சக்கரம் தரையில் படாதவாறு வண்டியை ஒரு ஸ்டூலில் ஏற்றி, சக்கர அச்சுக்கும் அதற்கு நேர் மேலே உடற்பலகையில் நீங்கள் இட்ட குறிக்கும் இடையிலுள்ள தூரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வண்டியை இறக்கி, அது தன் எடையில் நிற்கும்போது ஒருமுறையும், ஹெல்மெட், பூட்ஸ் உட்பட முழு உடையுடன் நீங்கள் ஏறி நிமிர்ந்து அமர்ந்திருக்கும்போது ஒருமுறையும் அதே தூரத்தை நண்பர் ஒருவரை அளக்கச் சொல்லுங்கள். முதல் அளவிலிருந்து மூன்றாவதைக் கழித்தால் வருவதே ஓட்டுநர்கள் 'ஸேக்' என்று சொல்லும் தாழ்வு. அது சக்கரத்தின் மொத்தப் பயணத்தில், அதாவது சக்கரம் மேலும் கீழும் நகரக்கூடிய தூரத்தில், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காக இருக்க வேண்டும். பின்பயணம் 170 மி.மீ. உள்ள சாதாரண எக்ஸ்பல்ஸுக்கு 50 முதல் 55 மி.மீ. வரை பொருத்தமாக இருக்கும், 220 மி.மீ. பயணமுள்ள புரோ வகைக்கு 70 மி.மீ. அளவில் தொடங்கலாம். தாழ்வு அதிகமானால் பிரீலோடை ஏற்றுங்கள், குறைந்தால் இறக்குங்கள். மிக இளகிய படியிலும் தாழ்வு போதவில்லை என்றால், அந்த ஸ்பிரிங் உங்கள் எடைக்குக் கடினமானது.

கேள்வி: பிரீலோடை ஏற்றினால் ஸ்பிரிங் இறுகி வண்டி கடினமாகும் என்று மெக்கானிக் சொன்னாரே?

பதில்: எல்லாச் சுருளும் ஒரே சீராக உள்ள ஸ்பிரிங் பிரீலோடால் கடினமாவதில்லை, வண்டியின் பின்பக்கம் உயர்கிறது, அவ்வளவுதான்.

கேள்வி: நான் இதை ஏற்கமாட்டேன். சி ஸ்பேனரால் ஐந்து படி ஏற்றிவிட்டு இருக்கையை அழுத்திப் பாருங்கள், அசையாது.

பதில்: இதே மறுப்பை இன்று மூவர் எழுப்பியிருப்பதால் கணக்காகவே சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு மில்லிமீட்டர் அமுங்கவும் 6 கிலோ சுமை தேவைப்படும் ஸ்பிரிங் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பின்சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் ஸ்விங்கார்ம் நெம்புகோலாக வேலை செய்வதால், ஷாக்கின் மீது விழும் சுமை சக்கரத்தின் மீதுள்ள சுமையைவிட மிகுதி. அதை 240 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சுமைக்கு ஸ்பிரிங் மொத்தம் 40 மி.மீ. அமுங்கியாக வேண்டும். அதில் 10 மி.மீ. ஏற்கெனவே பிரீலோடாக அமுக்கப்பட்டிருந்தால் ஷாக் 30 மி.மீ. இறங்கும், 15 மி.மீ. அமுக்கப்பட்டிருந்தால் 25 மி.மீ.தான் இறங்கும். ஆனால் அங்கிருந்து இன்னும் ஒரு மில்லிமீட்டர் இறங்க இரண்டு நிலையிலும் அதே 6 கிலோதான் தேவை. கடினம் எங்கே கூடியது?

உங்கள் கையின் அனுபவமும் பொய்யல்ல. பிரீலோடின் விசை வண்டியின் சொந்த எடையை மிஞ்சும் அளவுக்கு ஏற்றிவிட்டால், ஷாக் முழுதும் நீண்டு மேல்முனையில் முட்டி நிற்கும். அந்த மிகுதியைத் தாண்டும்வரை அழுத்தம் எதையும் அசைக்காது. ஓட்டுநர் அமரும்போது தாழ்வு சரியாக இருந்தும், வண்டி தன் எடையில் சற்றும் தாழாமல் நின்றால், அந்த ஸ்பிரிங் உங்களுக்கு இளகியது என்று பொருள். அதைப் பிரீலோடால் முட்டுக்கொடுத்து நிறுத்தியிருக்கிறீர்கள். பலர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு இன்னும் இளகிய ஸ்பிரிங்கை வாங்கிப் பூட்டுகிறார்கள்.

கேள்வி: அடுத்தடுத்த மேடுகளில் பின்பக்கம் என்னைத் தூக்கி எறிகிறது.

பதில்: ஸ்பிரிங் மீளும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ரீபவுண்ட் போதவில்லை. திருகு உள்ள ஷாக் என்றால், முதலில் அதைக் கடிகாரச் சுற்றில் மெதுவாக இறுதிவரை திருகி, எத்தனை கிளிக் என்று எண்ணி எழுதிவைத்துக்கொண்டு பழைய இடத்துக்குக் கொண்டுவாருங்கள். அங்கிருந்து இரண்டிரண்டு கிளிக்காக உள்ளே திருகி, அதே பாதையில் ஓட்டிப் பாருங்கள். மிகைப்படுத்தினால் ஒரு மேட்டிலிருந்து மீள்வதற்குள் அடுத்தது வந்து, பின்பக்கம் படிப்படியாகப் படுத்துவிடும். திருகே இல்லாத ஷாக் முன்பு நன்றாக இருந்து இப்போது துள்ளுகிறது என்றால், தணிப்பு தேய்ந்துவிட்டது. தண்டில் எண்ணெய்க் கசிவு உண்டா என்று பாருங்கள்.

கேள்வி: எண்ணெய் கசிந்தால் ஷாக்கின் சீல் வளையத்தை நானே மாற்றலாமா?

பதில்: கூடாது. வாயு நிரப்பிய ஷாக்கில் நைட்ரஜன் ஏறக்குறைய 10 பார் அழுத்தத்தில் அடைபட்டிருக்கும்; அழுத்தத்தை வெளியேற்றாமல் மூடியைக் கழற்றினால் அது முகத்தை நோக்கித்தான் பாயும். ஷாக் மட்டும் பழுதுபார்க்கும் பட்டறைக்கு அனுப்புங்கள்.

கேள்வி: 80 கிலோ எடைக்கு எத்தனையாவது படி?

பதில்: முதல் பதில்.

கேள்வி: பின்பக்கத்தில் 'டொக்' என்ற சத்தம் வருகிறது.

பதில்: சக்கரத்தை நிலத்திலிருந்து தூக்கி நிறுத்தி மேலும் கீழும் அசையுங்கள். ஆட்டம் தெரிந்தால், ஷாக்கின் மேல், கீழ் புஷ்களையும் ஸ்விங்கார்ம் பேரிங்கையும் பாருங்கள். உயரழுத்த நீரை நேராக அந்த மூட்டுகளில் பீய்ச்சிக் கழுவுவதே பெரும்பாலான பேரிங்குகளின் சாவு. கழற்றித் துடைத்து, நீர் எதிர்ப்பு கிரீஸ் வைத்துப் பூட்டுங்கள்.

கேள்வி: பிரீலோடை மாற்றிய பின் செயினை இறுக்க வேண்டுமா?

பதில்: சரிபார்க்க வேண்டும். முன் ஸ்ப்ராக்கெட், ஸ்விங்கார்ம் அச்சு, சக்கர அச்சு மூன்றும் ஒரே கோட்டில் வரும்போதுதான் செயின் மிக இறுக்கமாக இருக்கும்; அந்த நிலையிலும் சிறிது தொய்வு மிஞ்ச வேண்டும்.

கேள்வி: வாயுவுக்குப் பதில் பஞ்சர் கடையில் காற்று அடிக்கலாமா?

பதில்: மேலே நைட்ரஜன் பற்றி எழுதியதை மறுபடி படியுங்கள்.

கேள்வி: 65 கிலோவுக்கு?

பதில்: அளவு நாடாவை எடுங்கள்.