மெக்கானிக் கை வைக்கும் முன்

கேள்வி: சென்ற ஆண்டு 9,800 ரூபாய்க்கு மூன்று பர்னர் கண்ணாடி அடுப்பு வாங்கினேன். ஒரு வருட வாரண்டி. பத்தாவது மாதம் ஒரு பர்னரில் ஆட்டோ இக்னிஷன் நின்றுபோனது. கடையில் கேட்டால் எல்லார் முன்னாலும் அவமானப்படுத்தினார்கள். கம்பெனி எண்ணில் அப்போதே புகார் செய்தேன். சர்வீஸ் ஆள் பதின்மூன்றாவது மாதம்தான் வந்தார். பால் பொங்கி வழிந்து வந்த கோளாறு, வாரண்டியும் முடிந்துவிட்டது, 1,400 ரூபாய் கொடுங்கள் என்கிறார். தெருமுனை மெக்கானிக் 300 ரூபாய்க்குச் சரிசெய்வாராம். 2 லட்சம் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடலாமா?
- ஒரு வாசகி, மதுரை

பதில்: கடையில் பேசியது தவறுதான். ஆனால் அதை வைத்து வழக்கு நிற்காது, விடுங்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு வேண்டியது ஒரே வரி: பத்தாவது மாதமே கம்பெனியில் புகார் செய்தது. வாரண்டிக்குள் புகார் பதிவாகியிருந்தால், ஆளைத் தாமதமாக அனுப்பிவிட்டு ‘காலம் முடிந்தது’ என்று சொல்ல அவர்களுக்கு வழியில்லை. புகார் எண்ணோடு வந்த எஸ்எம்எஸ்ஸை இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பில், வாரண்டி கார்டோடு சேர்த்து வையுங்கள். போனை மாற்றும்போது அது தொலைந்து, கையில் ஒன்றுமில்லாமல் வருபவர்களைப் பார்க்கிறேன்.

சரி, உண்மையான ஆபத்து அந்த 300 ரூபாய் மெக்கானிக். அவர் நன்றாகவே சரிசெய்வார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அவர் அடுப்பைப் பிரித்த அன்றே உங்கள் சாட்சியம் போய்விடும். பொறி கிளப்பும் பீங்கான் பின் உள்ளே விரிசல் விட்டிருந்ததா, வயர் விட்டிருந்ததா, இல்லை பால் படிந்து பொறி வராமல் போனதா என்பதுதான் இங்கே சண்டையே. பரிசோதிக்காமல் குறையைச் சொல்ல முடியாதென்றால், நுகர்வோர் ஆணையம் பொருளை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பும். அந்தக் கட்டணத்தை முதலில் கட்டுவதும் நீங்கள்தான். பழைய பின் குப்பைக்குப் போயிருந்தால் எதை அனுப்புவது? ‘வெளியாள் கை வைத்த அடுப்பு’ என்று எதிர்த்தரப்பு ஒரு வரி எழுதினால் போதும், நல்ல வழக்கும் அங்கேயே சாய்ந்துவிடும்.

இதைவிடப் பெரிய கவலை ஒன்று. நாளை அந்த அடுப்பால் யாருக்காவது தீக்காயம் பட்டால், காயம் நேர்ந்தபோது பொருள் மாற்றியமைக்கப்பட்டோ தவறாகப் பயன்படுத்தப்பட்டோ இருந்தால் விற்றவர் மேல் பொருள் பொறுப்பு வழக்கு, அதாவது குறையுள்ள பொருளால் வந்த பாதிப்புக்கு ஈடு கேட்கும் வழக்கு, போட முடியாது என்கிறது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 87ஆம் பிரிவு. ஆகவே அந்த பர்னரில் குமிழைத் திறந்துவைத்துப் பொறி வரும்வரை திருப்பித் திருப்பி முயலாதீர்கள். எல்பிஜி காற்றைவிடக் கனமானது, அடுப்படியிலேயே தேங்கும். அவசரமென்றால் மற்ற இரண்டு பர்னரில் சமையுங்கள். வீட்டில் எல்லாரிடமும் இதைச் சொல்லிவையுங்கள். இது வழக்குக்காக மட்டும் சொல்வதில்லை.

இன்னொன்று, ஹேப்பி கோட். சர்வீஸ் ஆள் கிளம்பும்போது ‘போனில் வந்த நம்பரைச் சொல்லுங்கம்மா’ என்பார். சொன்னால், வேலை திருப்தியாக முடிந்தது என்று புகார் மூடப்படும். பர்னர் உங்கள் கண்முன் பலமுறை பற்றிக்கொள்ளும்வரை அதைச் சொல்லவும் வேண்டாம், ஜாப் ஷீட்டில் கையெழுத்தும் வேண்டாம். ஏற்கெனவே சொல்லிவிட்டீர்கள் என்றால், ‘குறை தீரவில்லை’ என்று இன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள்.

2 லட்சம்? கிடைக்காது. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை இருந்தால் ஆணையத்தில் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை என்பதால் போட்டுப் பார்க்கலாம் என்று தோன்றும். ஆனால் 9,800 ரூபாய் அடுப்பில் ஒரு பின் வேலை செய்யாததற்கு, வாய்தாவுக்கு வாய்தா லீவு போட்டுக்கொண்டு நீங்கள் அலைவதை நான் விரும்பவில்லை. சமரசம் செய்துகொள்ளுங்கள். புகார் எண்ணைக் குறிப்பிட்டு, 15 நாள் அவகாசம் கொடுத்துப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்புங்கள். கூடவே தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இலும் பதிவு செய்யுங்கள். இலவசமாகப் புது இக்னைட்டர், அந்தப் பாகத்துக்கு மட்டும் புதிதாக ஆறு மாத வாரண்டி, இரண்டும் எழுத்தில் கேளுங்கள். கொடுத்தால் வாங்கிக்கொண்டு முடித்துவிடுங்கள்.

மறுத்தால், குறை ஏற்பட்டதிலிருந்து இரண்டு வருடம் வரை உங்களுக்கு நேரமிருக்கிறது. மாற்றிக் கொடுத்தும் அதே பர்னர் மறுபடி நின்றால், புது அடுப்போ முழுப் பணமோ கேட்கலாம். அந்த வழக்கைத் தயங்காமல் போடுங்கள்.