ஜப்பானின் மைனிச்சி ஷிம்புன் நாளிதழின் புலனாய்வுச் செய்திகளிலிருந்தும் புகைப்படங்களிலிருந்தும் ஒரு நிருபர் என்ன கற்றுக்கொள்ளலாம்?

ஒரு படமோ நகலோ கைக்கு வந்தால் அது எதைக் காட்டுகிறது, எதைக் காட்டவில்லை, காட்டக் கூடாத எதையாவது காட்டிக் கொடுக்கிறதா என்று பார்க்கும் பழக்கத்தைத்தான் முதலில் சொல்வேன். 1872-ல் டோக்கியோ நிச்சிநிச்சி என்ற பெயரில் தொடங்கிய இந்த நாளிதழின் வரலாற்றில் மூன்று சம்பவங்களைப் பார்த்தாலே இது புரிந்துவிடும். அதில் ஒன்று பெரும் தோல்வி.

முதலில் 2000-ம் ஆண்டு அது அம்பலப்படுத்திய பழங்கற்கால மோசடி. ஃபுஜிமுரா ஷினிச்சி என்பவர் முறையாகத் தொல்லியல் படிக்காத ஆர்வலர். அவர் கை வைத்த இடத்தில் எல்லாம் கற்கருவி கிடைத்ததால் "கடவுளின் கை" என்றே பெயர் வாங்கியிருந்தார். ஜப்பானில் மனிதர் வாழ்ந்த காலத்தை 6 லட்சம் ஆண்டுகளுக்கும் அப்பால் கொண்டுபோன கண்டுபிடிப்புகள் அவருடையவை. பாடப்புத்தகங்களிலும் ஏறிவிட்டன.

இவ்வளவு பெரிய ஏமாற்று எப்படி நடந்தது? கல் எப்போது கருவியாகச் செதுக்கப்பட்டது என்பதை நேரடியாகக் கணக்கிடுவது கடினம். அது கிடைக்கும் எரிமலைச் சாம்பல் அடுக்கின் வயதையே அதற்கும் கொடுப்பார்கள். ஆகவே வேறெங்கோ பொறுக்கிய பிற்காலக் கருவியைக் கொண்டுவந்து அந்த அடுக்கில் செருகிவிட்டால் போதும், அதற்கும் லட்சக்கணக்கான வயது வந்துவிடும். 1986-லேயே தொல்லியலாளர்களான ஓடா ஷிசுவோவும் சார்ல்ஸ் கீலியும் இந்தக் கண்டுபிடிப்புகளை விமர்சித்துக் கட்டுரை எழுதினார்கள். துறையில் அது எடுபடவில்லை. ஆய்வாளர்களின் சந்தேகத்தை மட்டும் வைத்து நாளிதழும் எழுதியிருக்க முடியாது. புதைப்பதைக் கண்ணால் காட்ட வேண்டியிருந்தது.

மைனிச்சியின் ஹொக்காய்டோ கிளை நிருபர்கள் அந்த வேலையில் இறங்கினார்கள். செப்டம்பரில் சோஷின் ஃபுடோசாகா என்ற களத்தில் மறைந்திருந்து அவரைப் புகைப்படம் எடுத்தார்கள். செய்தி போட அது போதவில்லை. என் பார்வையில் இந்த இடம்தான் முக்கியம். அகழாய்வுக் குழியில் ஒருவர் குனிந்திருக்கும் படம் தோண்டுவதற்கும் பொருந்தும், புதைப்பதற்கும் பொருந்தும். கல்லை எடுப்பது, குழியில் வைப்பது, மண்ணை மூடுவது, மேலே மிதித்துச் சமன் செய்வது என்ற வரிசை தெரிந்தால்தான் அது ஆதாரம். அதற்கு அசையும் படம் வேண்டும். அதனால் அடுத்த முறை வீடியோ கேமராவோடு போனார்கள். அக்டோபர் 22 அதிகாலை, மியாகி மாகாணத்தின் கமிதகாமோரி களத்தில் ஆளில்லாத நேரத்தில் அவர் புதைப்பது கையும் களவுமாகப் பதிவானது.

அன்றைக்கே அவசரப்பட்டுப் போடவில்லை. 27-ம் தேதி அகழாய்வுக் குழு பத்திரிகையாளர்களைக் கூட்டிக் கண்டுபிடிப்புகளை அறிவித்தது. அதற்கு முன்பே செய்தி வந்திருந்தால் "பரிசோதனைக்காக வைத்துப் பார்த்தேன்" என்று ஒரு சாக்குச் சொல்ல வாய்ப்பு இருந்திருக்கும். அறிவிப்பு வந்த பிறகு அந்த வழி அடைபட்டுப்போனது. நவம்பர் 4-ல் அவரை நேரில் சந்தித்து வீடியோவைப் போட்டுக் காட்டினார்கள், அவர் ஒப்புக்கொண்டார். மறுநாள் காலைப் பதிப்பில் செய்தி வந்தது. குற்றம் சாட்டப்படுபவரிடம் வெறும் கேள்வியோடு போகாமல் ஆதாரத்தையே முன்னால் வைத்துப் பதில் கேட்டதை இளம் நிருபர்கள் கவனிக்க வேண்டும்.

பிறகு நடந்த மறு ஆய்வில் கருவிகளையே உற்றுப் பார்த்தார்கள். பலவற்றில் துருக் கோடுகள் இருந்தன. விளைநிலத்தின் மேல்மண்ணில் கிடக்கும் கல்லில் இரும்புக் கருவி உரசினால் விழும் கோடு அது. பல லட்சம் ஆண்டுகள் ஆழத்தில் புதைந்து கிடந்த கல்லில் அது எப்படி வரும்? அவர் முதலில் ஒப்புக்கொண்டது இரண்டு களங்களை மட்டும். இறுதியில் 160-க்கும் மேற்பட்ட களங்கள் நம்பத் தகாதவை என்று முடிவானது.

இனி புகைப்படம். 1960 அக்டோபர் 12, டோக்கியோவின் ஹிபியா அரங்கம். சோசலிஸ்ட் கட்சித் தலைவர் அசானுமா இனெஜிரோ பேசிக்கொண்டிருந்தபோது, 17 வயது யமாகுச்சி ஒத்தோயா மேடையேறிக் குறுவாளால் குத்தினான். மைனிச்சியின் நாகாவோ யசுஷியிடம் அப்போது ஒரே ஒரு ஃபிரேம்தான் மிச்சம். ஃபோகஸ் 10 அடியில் இருந்தது. அதை 15 அடிக்கு மாற்றிவிட்டுத்தான் அழுத்தினார். வாள் உருவப்பட்டு இரண்டாம் குத்துக்குத் தயாராக இருக்கிறது, அசானுமாவின் கண்ணாடி சரிகிறது. யார், யாரை, எதைக் கொண்டு என்ற மூன்றும் ஒரே சட்டத்துக்குள் வந்துவிட்டன. படக்குறிப்பே தேவைப்படாத படம். 1961-ல் புலிட்சர் பரிசு கிடைத்தது. ஃபிலிம் தீரும் நேரத்திலும் ஃபோகஸைத் திருத்தக் கை தானாகப் போவது வருடக்கணக்கான பயிற்சியால் வருவது. அதை வெறும் அதிர்ஷ்டம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

தோல்வி என்று சொன்னது மைனிச்சி நிருபர் நிஷியாமா தாகிச்சியின் வழக்கு. போருக்குப் பின் தன் ஆட்சியில் வைத்திருந்த ஒகினாவாவை அமெரிக்கா ஜப்பானிடம் திருப்பித் தரும்போது, நிலங்களைச் சீரமைக்க அது தர வேண்டிய 40 லட்சம் டாலரை ஜப்பானே ரகசியமாக ஏற்றுக்கொண்டது. இதைக் காட்டும் வெளியுறவு அமைச்சகத் தந்திகளின் நகல்கள் அமைச்சக உயரதிகாரி ஒருவரின் செயலராக இருந்த பெண் வழியாக அவருக்குக் கிடைத்தன. அந்த நகல்கள் எதிர்க்கட்சி எம்.பி. யோகோமிச்சி தகாஹிரோவின் கைக்குப் போயின. 1972-ல் அவர் நாடாளுமன்றத்தில் அவற்றை அப்படியே எடுத்துக் காட்டினார். தந்தியில் அதிகாரிகள் ஒப்புதல் முத்திரை இடும் கட்டம் இருந்தது. அதை வைத்தே நகல் எந்த மேசையிலிருந்து போனது என்று கண்டுபிடித்துவிட்டார்கள். நிருபரும் செயலரும் கைதானார்கள். இருவருக்கும் இடையிலான அந்தரங்க உறவு குற்றப்பத்திரிகையில் ஏறியதும் நாட்டின் பேச்சு ரகசிய ஒப்பந்தத்தை விட்டு அங்கே போய்விட்டது. நாளிதழின் விற்பனையும் அடி வாங்கியது.

இது நடக்காமல் இருந்திருக்க முடியும். ஆவணம் கிடைத்தால் உள்ளடக்கத்தைத் தனியாகத் தட்டச்சு செய்துகொண்டு மூலநகலைப் பூட்டி வைக்க வேண்டும். முத்திரை, வரிசை எண், ஓரக் குறிப்பு, மடிப்புத் தடம் எதுவும் வெளியே போகக் கூடாது. அரசியல்வாதியிடம் நகலைக் கொடுத்துவிட்டால் பிறகு அது நம் கட்டுப்பாட்டில் இல்லை, அவருக்கு உங்கள் மூலத்தைக் காக்கும் கடமையும் இல்லை.

1978-ல் உச்ச நீதிமன்றம் நிஷியாமாவின் தண்டனையை உறுதி செய்தது. பின்னாளில் அமெரிக்க ஆவணங்களில் ஒப்பந்தம் வெளிப்பட்டது. அன்றைய வெளியுறவு அதிகாரி யோஷினோ புன்ரோகுவும் 2006-ல் ஒப்புக்கொண்டார். நிஷியாமா இழப்பீடு கேட்டுத் தொடுத்த வழக்கோ காலம் கடந்துவிட்டது என்று தள்ளுபடியானது.