காலுக்கு முன்னாடி ஷூ

வணக்கம் சார்,

உங்க சைட்டை ரொம்ப நாளா படிக்கறேன், எழுதறது இதான் முதல் தடவை. நாங்க லண்டன்ல ஹாரோ பக்கம் இருக்கோம். பொண்ணுக்கு ஒன்பது முடிஞ்சு பத்து நடக்குது. அஞ்சு வயசுலேர்ந்து பாலே க்ளாஸ் போறா, இப்ப வாரத்துல ரெண்டு நாள். பிரச்சனை என்னன்னா டீச்சர் அடுத்த கட்டத்துக்கே போக மாட்டேங்கறாங்க. ப்ளியே, டான்டூ, திரும்ப ப்ளியே, டான்டூ. முட்டியை மடக்கி நிமிர்த்தறது, பாதத்தைத் தரையில உரசிக் காலை நீட்டறது, அவ்வளவுதான். விரல் நுனியில நிக்கற பாயின்ட் எப்பன்னு கேட்டா "நாட் யெட்"னு ஒரே பதில். இவ ஃப்ரெண்டு வேற ஸ்டூடியோவுல சேர்ந்தா, அங்க பாயின்ட் ஷூவே வாங்கச் சொல்லிட்டாங்க. அவங்கம்மா க்ரூப்ல போட்ட வீடியோவை இதோட அனுப்பிருக்கேன். ரஷ்யாவுலல்லாம் பத்து வயசுலயே பாயின்ட் ஆரம்பிச்சுடறாங்களாமே? நான் திருச்சியில பரதம் கத்துக்கிட்டவ, ரெண்டாவது வருஷமே அலாரிப்பு ஆடிட்டேன். இங்க நாலு வருஷமா காசு கட்டிட்டு அந்தப் பயிற்சிக் கம்பியை, பாரைப் பிடிச்சுட்டு நிக்கறா. ஸ்டூடியோ மாத்தலாமா? பேசாம பரதத்துலயே போட்டிருக்கலாமோ? ரெண்டுல எது உசத்தி? பேர் போட வேண்டாம் ப்ளீஸ்.

*

அன்புள்ள சகோதரிக்கு,

வழக்கமா இந்த மாதிரி "எந்த க்ளாஸ்ல சேக்கலாம்" லெட்டருக்கெல்லாம் நான் பதில் போடறதில்ல. ஆனா போன மாசம் முழுக்க ரஷ்ய பாலே ஆசிரியை வாகனோவாவோட புத்தகத்தை மறுபடி எடுத்து வச்சுப் படிச்சுட்டிருந்தேன், மண்டைக்குள்ள அதுவே ஓடிட்டிருக்கறப்ப உங்க லெட்டர் வந்துது, அதுல "ப்ளியே, டான்டூ, திரும்ப ப்ளியே, டான்டூ"ன்னு நீங்க சலிச்சுக்கிட்ட வரியைப் படிச்சதும் எழுதாம இருக்க முடியல.

முதல்ல சின்ன விஷயங்களை முடிச்சுடறேன். பரதமா பாலேயான்னு கேக்கறதே வேண்டாம். ருக்மிணி தேவி பாலே கத்துக்கிட்டவங்கதான், ரஷ்ய பாலே நட்சத்திரம் அன்னா பாவ்லோவா குழுவுல இருந்த க்ளியோ நோர்டிகிட்ட. உங்க நாட்டு நாட்டியத்தைப் போய்த் தேடுங்கன்னு பாவ்லோவா சொல்லப் போய்தான் அவங்க இந்தப் பக்கம் திரும்பினாங்க, 1936-ல கலாக்ஷேத்ரா வந்துது. அவங்களே ரெண்டையும் தராசுல வைக்கல, நாம எதுக்கு வைக்கணும். ஆனா ஒண்ணு, பரதம் ஆடின கண்ணோட உங்க பொண்ணோட ப்ளியேயைப் பாக்காதீங்க. அரைமண்டியில உக்காந்துட்டா அங்கயே நிலைச்சு நின்னு தட்டணும், எழுந்தா குரு திட்டுவார். ப்ளியேயில கீழ போய் நின்னுட்டா அதுதான் தப்பு. இறங்கறதும் ஏர்றதும் ஒரே மூச்சா நிக்காமப் போகணும். வீட்டுல "இன்னும் உக்காரு, இன்னும் உக்காரு"ன்னு சொல்லிக் கொடுக்கறீங்கன்னா தயவுசெஞ்சு இன்னிக்கே நிறுத்திடுங்க.

ரஷ்யா விஷயம். ஆமா, உண்மைதான். பீட்டர்ஸ்பர்க்ல 1738-ல ஆரம்பிச்ச பள்ளிக்கூடம் அது, இப்ப வாகனோவா பேர்ல இருக்கு, குழந்தைங்க பத்து வயசு வாக்குல உள்ள போறாங்க, முதல் வருஷத்துலயே ரெண்டு கையாலயும் பாரைப் பிடிச்சு, பாரைப் பாத்து நின்னு, ரெண்டு கால்லயும் சேந்து பாயின்ட்ல ஏர்றது ஆரம்பிக்குது. ஆனா அந்தக் குழந்தைங்க எப்படி உள்ள வந்தாங்கன்னு கேட்டீங்களா? இடுப்பு எவ்வளவு திறக்குது, பாதத்து வளைவு எப்படி, முதுகு எப்படின்னு ஒவ்வொண்ணா பாத்துப் பொறுக்கி எடுத்த குழந்தைங்க, அதுக்கப்புறம் தினமும் க்ளாஸ், ஞாயித்துக்கிழமை தவிர. வாரத்துல ரெண்டு நாள் சாயங்காலம் ஸ்கூல் முடிஞ்சு பசியோட போற பொண்ணை அவங்களோட வயசை மட்டும் வச்சு ஒப்பிடறது அவளுக்குச் செய்யற அநியாயம். நீங்க இருக்கற ஊர்லயே ஆர்ஏடி, அதாவது ராயல் அகாடமி ஆஃப் டான்ஸ், பாடத்திட்டத்தை எடுத்துப் பாருங்க, பாயின்ட் வர்றது இன்டர்மீடியேட் ஃபவுண்டேஷன்லதான், அந்த எக்ஸாமுக்கு உக்காரவே 11 வயசு ஆகணும். அதுவும் வயசு ஆயிட்டா மட்டும் போதும்னு கிடையாது.

இப்ப அந்த வீடியோ. நிறுத்தி நிறுத்திப் பாத்தேன். அந்தக் குழந்தை மேல ஒரு தப்பும் இல்ல, அது பாட்டுக்கு சந்தோஷமா ஆடுது, பாக்கவே நெஞ்சு பதறுது. முட்டி நிமிரவே இல்ல, உடம்பு வெயிட் பூரா ஷூவோட முன்பக்கத்துல சாஞ்சு கிடக்கு, கணுக்கால் உள்பக்கமா மடங்குது, அதுவும் டைல்ஸ் தரையில. அந்த ஷூ அவளைத் தாங்கிப் பிடிச்சுக்கும்னு யாரோ அவங்கம்மாகிட்ட சொல்லியிருக்காங்க. துணியும் பேப்பரும் பசை போட்டு அடுக்கடுக்கா ஒட்டிக் காய வச்ச ஒரு பெட்டி, அடியில கெட்டியா ஒரு அட்டை, அவ்வளவுதான் பாயின்ட் ஷூ. தாங்கறது கெண்டைக்கால், கணுக்கால், தொடை, இடுப்பு, வயிறு. அதுங்களுக்குப் பலம் வராம ஏத்தினா கீழ இருக்கற எலும்புதான் வாங்கிக்கும், பத்து வயசுல பாதத்து எலும்பு இன்னும் வளந்துட்டிருக்கற எலும்பு, முழுசா இறுகக்கூட இல்ல. இதுக்கு லைக் போட்ட அம்மாக்கள்ல நீங்களும் ஒருத்தரா? ஆமான்னா எனக்கு வருத்தம்தான்.

சரித்திரத்தைப் பாத்தீங்கன்னா காலுக்கு அப்புறம்தான் ஷூ வந்துது. 1832-ல பாரிஸ் ஆபராவுல மரீ டாலியோனி 'லா சில்ஃபீட்' பாலே ஆடினப்ப இன்னிக்கு இருக்கற மாதிரி கெட்டிப் பெட்டி வச்ச ஷூவே கிடையாது. மெத்துன்னு ஒரு சாட்டின் செருப்பு, நுனியில ஊசிநூலால தச்சுத் தச்சு கொஞ்சம் இறுக்கினது, அவ்வளவுதான். அவங்க நுனிக்கால்ல நின்னது அவங்க அப்பா பிலிப்போ மாசக்கணக்கா விடாம வாங்கின பயிற்சியில ஏறின பலத்தால. கெட்டி ஷூ அதுக்கு ரொம்ப அப்புறம், இத்தாலிக்காரங்க காலத்துலதான் வந்துது. இப்ப நாம வரிசையையே தலைகீழா மாத்தி கடையில ஷூவை முதல்ல வாங்கிட்டு காலை அப்புறம் தேடறோம்.

சரி, டான்டூவுக்கு வர்றேன். எனக்கு உங்ககூட சண்டையே இதுலதான்.

நான் லண்டன்ல இருந்த காலத்துல அக்கா பொண்ணை சனிக்கிழமை க்ளாஸுக்குக் கூட்டிட்டுப் போறது என் வேலை. ஒரு சர்ச் ஹால், பழைய மரத்தரை, மூலையில ஸ்ருதி கொஞ்சம் இறங்கின ஒரு பியானோ, அதை வாசிக்க ஒரு தாத்தா. டீச்சருக்கு அறுபது தாண்டியிருக்கும். குழந்தைங்க எல்லாம் பாரைப் பாத்து ரெண்டு கையும் மேல வச்சு, குதிகால் ரெண்டையும் சேத்து பாதத்தை வெளிய திருப்பி ஃபர்ஸ்ட் பொசிஷன்ல நிப்பாங்க. ஒரே ஒரு டான்டூவுக்கு எட்டு கவுன்ட். ரெண்டுல கால் வெளிய போகும், ரெண்டு அங்க நிக்கும், ரெண்டுல திரும்பி வரும், ரெண்டு மூடி நிக்கும். அந்தம்மா அந்த வயசுலயும் தரையில மண்டி போட்டு உக்காந்து ஒவ்வொரு குழந்தையா பாதத்தைப் பாத்துட்டே நகந்து போவாங்க. என் அக்கா பொண்ணுகிட்ட வந்தா அவளோட நிக்கற கால் சுண்டுவிரல் மேல தன் விரலை வைப்பாங்க. திட்டறது, கத்தறது எதுவும் கிடையாது. ஏன்னா இவ என்ன பண்ணுவா, டர்ன்-அவுட், அதாவது கால் வெளிப்பக்கமா திறக்கறது, ஜாஸ்தி காட்டணும்னு இடுப்புலேர்ந்து திருப்பாம பாதத்தை மட்டும் வெளிய திருகிடுவா, அப்ப பாதம் உள்பக்கமா சரியும், சுண்டுவிரல் தரையை விட்டு எழும்பிடும். முட்டியில முறுக்கு விழற இடம் அதான். கட்டைவிரல் அடி, சுண்டுவிரல் அடி, குதிகால், மூணும் தரையில இருக்கணும். அந்த விரல் பட்டதும் இவ தொடையை மேலேர்ந்து திருப்புவா, பாதம் தானா நேராகும். கால் திறக்கறது குறைஞ்சு போயிடும், ஆனா அதுதான் அவளோட நிஜமான டர்ன்-அவுட்.

ஒரு டெர்ம் முழுக்க டான்டூ பக்கவாட்டுல மட்டும்தான் போச்சு. முன்னாடியும் கிடையாது, பின்னாடியும் கிடையாது. அங்கயும் உங்களை மாதிரி ஒரு அம்மா கேட்டாங்க, என்ன இது, மூணு திசை இருக்கே, ஒண்ணையே எத்தனை நாள்னு. அந்த டீச்சர் எல்லார் முன்னாடியும் அந்தம்மாவையே பாரைப் பிடிச்சு நிக்க வச்சு காலைப் பின்னாடி அனுப்பச் சொன்னாங்க. அனுப்பினதும் இடுப்பு ஒரு பக்கம் திறந்துக்கிச்சு, முதுகு முன்னாடி சாஞ்சுது. அதுக்கு மேல யாரும் ஒண்ணும் கேக்கல.

விஷயம் இதுதான். ஃபர்ஸ்ட் பொசிஷன்ல கால் திறந்திருக்கறப்ப பக்கவாட்டுல போறது அது ஏற்கனவே பாத்துட்டிருக்கற திசை, அதனால இடுப்பு அசையாம வச்சுக்கறது சுலபம். முன்னாடி போறப்ப குதிகால் முதல்ல போகணும், திரும்பி வர்றப்ப விரல் முதல்ல வரணும், இல்லேன்னா போற வழியிலயே டர்ன்-அவுட் தொலைஞ்சுடும். பின்னாடி இதுக்கு நேர் எதிர், விரல் முன்னால போகும், குதிகால் முன்னால வரும், கூடவே இடுப்பும் முதுகும் ஏமாத்தப் பாக்கும். அதனால பக்கம், அப்புறம் முன், கடைசியில பின். பாதம் வைக்கற பொசிஷன்லயும் இதே கதைதான், ஒண்ணு, ரெண்டு, மூணு, அஞ்சு, எல்லாத்துக்கும் கடைசியாத்தான் நாலு, ஏன்னா அதுதான் கஷ்டம். நம்பர் வரிசையில சொல்லித் தரலைன்னு யாராவது அம்மா கம்ப்ளைன்ட் பண்ணினாலும் ஆச்சரியப்பட மாட்டேன். இந்த வரிசையெல்லாம் யாரோ சும்மா உக்காந்து போட்டது கிடையாது. அக்ரிப்பினா வாகனோவா 1897-ல பள்ளி முடிச்சு மேடைக்கு வந்தவங்க, பாலரீனாங்கற பதவி கிடைச்சது 1915-ல, அடுத்த வருஷமே மேடையை விட்டுட்டாங்க. அவங்க உடம்பு இதுக்குன்னே வார்த்த உடம்பு இல்ல, அதனாலயே ஒவ்வொரு அசைவுக்கும் பலம் எங்கேர்ந்து வருதுன்னு நோண்டி நோண்டிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்துது. இத்தாலி முறையில என்ன நல்லது, பிரெஞ்சு முறையில என்ன நல்லதுன்னு அலசினாங்க. 1921-லேர்ந்து அந்தப் பள்ளியில பாடம் எடுத்து 1934-ல புத்தகமா போட்டாங்க. 1925-ல மரீனா செம்யோனோவா, 1928-ல கலீனா உலனோவா, 1931-ல நத்தாலியா டுடின்ஸ்கயா, வரிசையா அவங்க க்ளாஸ்லேர்ந்து வெளிய வந்தாங்க. அத்தனை பேரும் முதல்ல பாரைப் பாத்து நின்னவங்கதான்.

நீங்க டான்டூவை ஒண்ணாங்கிளாஸ் பாடம்னு நினைக்கறீங்க, பாஸ் ஆயிட்டா அப்புறம் அந்தப் பக்கம் போகவே வேண்டாம்னு. பாலேயில அப்படி ஒரு வகுப்பே கிடையாது. பீட்டர்ஸ்பர்க் மரின்ஸ்கி தியேட்டர்லயோ கோவென்ட் கார்டன்லயோ ராத்திரி ஸ்வான் லேக் ஆடப் போற ப்ரைமா பாலரீனா காலையில க்ளாஸுக்கு வந்து பாரைப் பிடிச்சா முதல்ல பண்றது ப்ளியே, அடுத்தது டான்டூ. ரிட்டயர் ஆகற நாள் வரைக்கும். ஏன்னா அதுக்கப்புறம் வர்ற எல்லாமே இதோட நீட்டிப்புதான், பாதம் தரையை உரசிட்டே போய் குதிகால் எழும்பி, முன்பாதம் எழும்பி, விரல் நுனி மட்டும் தரையில நிக்குதே, அதே காலைத் தரையை விட்டுக் கொஞ்சம் எடுத்தா ஜெட்டே, இன்னும் வீசினா க்ராண்ட் பாட்மான். குதிக்கறப்ப பாதம் தரையைத் தள்ளிட்டுக் கிளம்பறது இதே வழியில, இறங்கறப்ப விரல், முன்பாதம், குதிகால்னு வந்து ப்ளியேயில அடங்கறது இதே வழி திரும்பி வர்றது. பாயின்ட்ல ஏர்றதும் இதே பாதம்தான், அடியில தரை மட்டும் கம்மி. உங்க பொண்ணு டான்டூ பண்றப்ப அந்த டீச்சர் அவளுக்குப் பாயின்ட்தான் சொல்லிக் கொடுத்துட்டிருக்காங்க. உங்க கண்ணுக்கு ஷூ தெரியாததால பாயின்ட்டும் தெரியல.

 

"நாட் யெட்"னு சொல்ற டீச்சருக்கு அதுல என்ன லாபம்னு யோசிச்சீங்களா? சரின்னு தலையாட்டிட்டா ஷூ ஃபிட்டிங், எக்ஸ்ட்ரா க்ளாஸ், ஃபீஸ், ஃபேஸ்புக்ல போட்டோ எல்லாம் வரும். வேண்டாம்னு சொன்னா உங்களை மாதிரி ஒரு அம்மா கோச்சுட்டு வேற இடம் பாப்பாங்க. தெரிஞ்சேதான் சொல்றாங்க. இந்தக் காலத்துல குழந்தையோட கணுக்காலுக்காகத் தன் வரும்படியை விட்டுத்தர்ற ஒருத்தர் உங்களுக்குக் கிடைச்சிருக்காங்க, அவங்களைப் போய் முன்னேறத் தெரியாதவங்கன்னு எழுதியிருக்கீங்களே.

ஸ்டூடியோ மாத்தாதீங்க. பெத்தவங்க வந்து க்ளாஸைப் பாக்கற அடுத்த வாட்சிங் வீக்ல போய் உக்காந்தா பொண்ணு முகத்தைப் பாக்காதீங்க, போனை உள்ள வச்சுடுங்க, நிக்கற காலோட சுண்டுவிரலைப் பாருங்க, கால் பின்னாடி போறப்ப இடுப்பைப் பாருங்க. ஒத்தைக் கால்ல முட்டி மடங்காம, கணுக்கால் ஆடாம, திரும்பத் திரும்ப குதிகாலைத் தூக்கி ரெலவே ஏறி இறங்க முடியுதான்னு பாருங்க. டீச்சர்கிட்ட "எப்ப"ன்னு கேக்காம "எது வந்தா குடுப்பீங்க"ன்னு கேளுங்க, சந்தோஷமா சொல்லுவாங்க.

அப்புறம் ஒண்ணு. லெட்டரை மறுபடி படிச்சேன். ஃப்ரெண்டுக்குக் கிடைச்சது இருக்கு, ரஷ்யா இருக்கு, உங்க அலாரிப்பு இருக்கு, கட்டின காசு இருக்கு. உங்க பொண்ணுக்கு அந்த ஷூ வேணுமா, அவளுக்கு அந்த க்ளாஸ் பிடிச்சிருக்கான்னு ஒரு வரி கூட இல்ல. அவகிட்ட கேட்டுட்டு எழுதுங்க.