நெஞ்சு எக்ஸ்ரேயை மென்பொருள் படித்தால்: காசநோய் முகாம் ஊழியர்களுக்குக் கேள்வி பதில்

பதில் சொல்பவர்: காசநோய்ப் பணியில் உள்ள நெஞ்சக மருத்துவர்

கிராமச் சுகாதாரச் செவிலியர்: சார், எங்கள் நிலையத்தில் எக்ஸ்ரே படிக்கும் மருத்துவர் (ரேடியாலஜிஸ்ட்) கிடையாது. செயற்கை நுண்ணறிவு படம் பார்த்துச் சொல்வதை நம்பலாமா?

யாருக்குச் சளிப் பரிசோதனை வேண்டும் என்று சலித்தெடுக்க நம்பலாம்மா. 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களின் படத்தை, காசநோய்க்காக, மனிதருக்குப் பதில் மென்பொருளே படிக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்தது. அதே ஆண்டு வெளியான டாக்கா ஆய்வில் ஏறத்தாழ 24,000 பேரின் படங்களை ஐந்து மென்பொருள்கள் படித்தன. ஐந்துமே அங்கிருந்த ரேடியாலஜிஸ்டுகளை விஞ்சின. நோயை உறுதிசெய்ய மட்டும், சளியில் கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன்எக்ஸ்பெர்ட்டோ ட்ரூநாட்டோ வேண்டும்.

ஆஷா பணியாளர்: இருமலே இல்லாதவருக்கு எதற்குப் படம் என்று ஊரில் சண்டை போடுகிறார்கள்.

2019–21 தேசியக் காசநோய்க் கணக்கெடுப்பில் எக்ஸ்ரே எடுக்காமல் விட்டிருந்தால், நோயாளிகளில் 42.6 சதவீதம் பேர் கண்ணில் பட்டிருக்கவே மாட்டார்கள். இதை அவர்களிடம் சொல்லுங்கள்.

மாவட்டக் காசநோய்ப் பிரிவு ஊழியர்: மென்பொருள் 0 முதல் 100 வரை மதிப்பெண் தருகிறது. 50க்கு மேல் வந்தால் சளி எடுக்கச் சொல்கிறது மென்பொருள் நிறுவனம். சரியா?

அந்த 50ஐ அப்படியே ஏற்காதீர்கள். எல்லா ஊருக்கும் பொருந்தும் ஒரே எண்ணை உலக சுகாதார நிறுவனமே சொல்லவில்லை. எண்ணைத் தாழ்த்தினால் சளிக் குப்பிகள் குவியும்; உயர்த்தினால் ஆரம்ப நிலை நோயாளி வீட்டுக்குப் போய்விடுவார். 1,000 பேருக்குப் படம் எடுத்ததில் 50க்கு மேல் 60 பேர், 30க்கு மேல் 100 பேர் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கையில் சளிப் பரிசோதனைக்கான 100 கார்ட்ரிட்ஜ் (ஆளுக்கு ஒன்று) இருக்கும்போது 50இல் நின்றால், 40 கார்ட்ரிட்ஜ் பெட்டியிலேயே கிடக்கும். 30க்கும் 50க்கும் இடையில் வந்த அந்த 40 பேரில் யாராவது ஒருவர் வீட்டில் குழந்தைகளோடு இருமிக்கொண்டிருக்கலாம். இது என்னால் பொறுக்க முடியாத விஷயம்.

முதல் சில வாரங்கள் எண்ணைத் தாழ்வாகவே வையுங்கள். எந்த மதிப்பெண்ணில் எத்தனை பேருக்குக் கிருமி வந்தது என்று பதிவேட்டில் எழுதுங்கள். உங்கள் மாவட்டத்து எண் அதிலிருந்து கிடைக்கும். மென்பொருளின் புதிய பதிப்பு வந்தால் இதை மறுபடியும் செய்ய வேண்டும். பழைய பதிப்பின் 50ம் புதியதின் 50ம் ஒன்றல்ல. கல்குவாரி ஊர்களில் தனியாகவே கணக்குப் பாருங்கள், சிலிக்கா தூசியின் தழும்பும் மதிப்பெண்ணை ஏற்றும்.

எக்ஸ்ரே டெக்னீஷியன்: மூன்றரைக் கிலோ கையடக்கக் கருவியில் எடுக்கிறேன். படத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

பின்னலைத் தூக்கிக் கட்டச் சொல்லுங்கள். தோளில் விழும் பின்னல் நுரையீரலின் மேல்பகுதியில் நிழலாக விழும். காசநோய் பெரும்பாலும் குடியிருப்பதும் அங்கேதான். சங்கிலி, கயிறு, உலோகப் பொத்தான் எல்லாவற்றையும் பாருங்கள். மூச்சை முழுதாக இழுத்து நிறுத்திய பிறகே பொத்தானை அழுத்துங்கள். பழைய ஃபிலிமைச் செல்பேசியில் படம்பிடித்து மென்பொருளுக்கு அனுப்ப வேண்டாம்.

பொறியியல் மாணவி: கண் பரிசோதனையிலும் இது வந்துவிட்டதே, அங்கே எப்படி?

மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா மருத்துவமனைகளின் விழித்திரைப் படங்களும், சர்க்கரை நோயால் வரும் விழித்திரைப் பாதிப்பைக் கண்டறியும் கூகுளின் ஆய்வில் இடம்பெற்றன, முடிவுகள் அருமை. அதையே தாய்லாந்தின் 11 சிகிச்சையகங்களுக்குக் கொண்டுபோனபோது, ஐந்தில் ஒரு படத்துக்கு மேல் தரம் போதாது என்று மென்பொருள் ஒதுக்கியது. காரணம், பல இடங்களில் இருட்டறை இல்லை. இணையமும் மெதுவாக இருந்தது. மென்பொருள் எழுதப்போகிறவர் நீங்கள் என்றால், ஒரு நாள் செவிலியரின் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

நோயாளியின் மகன்: டாக்டர், அப்பாவுக்கு 65 வயது. மதிப்பெண் 78, சளியில் கிருமி இல்லை. மருந்து தொடங்கிவிடலாமா?

மதிப்பெண்ணை மட்டும் வைத்துத் தொடங்க வேண்டாம் தம்பி. முன்பு எப்போதாவது காசநோய் வந்து ஆறியிருக்கிறதா என்று கேளுங்கள். பழைய தழும்பை மென்பொருள் அடிக்கடி புதிய நோயாகக் காட்டும், முதியவர்களிடம் இன்னும் அதிகமாக. பழைய எக்ஸ்ரே பரணில் கிடந்தாலும் தேடி எடுத்து வாருங்கள், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். நிழல் புதிதென்றால் சளியை மறுபடி எடுப்போம். அவர் புகைப்பவராக இருந்தால் புற்றுநோய் இல்லை என்பதையும் சிடி ஸ்கேன் எடுத்து உறுதிசெய்துகொள்வோம். இந்த வாரமே அழைத்து வாருங்கள்.