வயதானவருக்குப் புற்றுநோய்: இந்த மாதக் கேள்விகள்

அம்மாவுக்கு 76 வயது, மார்பகப் புற்றுநோய். "இந்த வயசுல எதுக்குக் கீமோ, சும்மா விடுங்க" என்கிறார்கள் சொந்தக்காரர்கள். விட்டுவிடலாமா?

விடாதீர்கள். ஆதாரில் இருக்கும் வயதை மட்டும் வைத்து நான் முடிவு செய்வதில்லை. அறைக்குள் வரும் பாட்டியை நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொல்வேன். பேச்சுக் கொடுக்காமல் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். 12 வினாடியைத் தாண்டினால் கீழே விழும் ஆபத்து உண்டு என்று கணக்கு. அப்புறம் சமீபத்தில் எடை குறைந்ததா, தினமும் எத்தனை மாத்திரை, கடையில் சில்லறை எண்ணத் தடுமாறுகிறாரா என்று கேட்பேன். 80-ல் அறுவை சிகிச்சையைத் தாங்கியவர்களும் உண்டு, 65-ல் தாங்காதவர்களும் உண்டு.

இன்னொன்று, மார்பகப் புற்றுநோய் என்றாலே கீமோதான் என்று இல்லை. பயாப்ஸி ரிப்போர்ட்டில் ஈஆர், பிஆர் என்று இருக்கும் வரியைப் பாருங்கள். கட்டி ஹார்மோனால் வளர்கிறதா என்று சொல்வது அதுதான். வயதான பெண்களில் பெரும்பாலோருக்கு அது பாசிட்டிவாகத்தான் வரும். அவர்களில் பலருக்கு அறுவை சிகிச்சைக்குப் பிறகு கீமோ இல்லாமலே, லெட்ரோசோல் போன்ற ஒரு ஹார்மோன் சிகிச்சை மாத்திரையைச் சில ஆண்டுகள் தினமும் கொடுத்தால் போதும். சரி, சொந்தக்காரர்கள் சொன்னது இருக்கட்டும். அம்மா என்ன சொல்கிறார்?

அப்பாவுக்கு 72 வயது. ஓய்வூதியம் வருவதால் முதலமைச்சர் காப்பீட்டின் 1.20 லட்சம் வருமான வரம்பைத் தாண்டிவிட்டோம். வேறு வழி?

2024 அக்டோபரில் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 70 வயது நிரம்பிய எல்லோருக்கும் விரிவாக்கப்பட்டது. வருமான வரம்பு கிடையாது. ஆண்டுக்கு 5 லட்சம் வரை. வீட்டில் 70 நிரம்பியவர் இருவர் இருந்தால் அந்தத் தொகையைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். தனியார் பாலிசி இருந்தாலும் சேரலாம். மத்திய அரசு ஊழியர், முன்னாள் ராணுவத்தினர் போன்றோருக்கான அரசு மருத்துவத் திட்டத்தில் இருப்பவர் இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும். நீங்கள் போகும் மருத்துவமனையில், அதுவும் புற்றுநோய்ப் பிரிவில், இது செல்லுமா என்று 14555 என்ற உதவி எண்ணில் முதலில் கேட்டுவிடுங்கள்.

பலர் கோட்டை விடும் இடம் வேறு. புறநோயாளியாக எடுக்கும் ஸ்கேன், பயாப்ஸிக்கு இதில் பணம் வராது. அட்டை இருக்கிறதே என்று தனியாரிடம் போய்ச் சோதனைகளிலேயே கையிருப்பைத் தீர்த்துவிட்டு வருகிறார்கள். அவற்றை அரசு மருத்துவமனையில் எடுங்கள்.

நோய் தெரிந்த பிறகு புது பாலிசி எடுக்கலாமா? எனக்கு 68 வயது.

65-க்கு மேல் பாலிசி கிடையாது என்ற கெடுபிடி 2024-ல் போய்விட்டது. ஆனால் ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு 3 ஆண்டு வரை காத்திருக்க வைப்பார்கள், பாலிசியே தர மறுக்கவும் செய்யலாம். மறைத்து மட்டும் எடுக்காதீர்கள்.

மூத்த குடிமக்கள் ரயில் சலுகைதான் போய்விட்டதே. கீமோவுக்குச் சென்னை போக வர என்ன செய்வது?

நோயாளிச் சலுகை இருக்கிறது. சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றாம் வகுப்பு ஏசியிலும் கட்டணமே இல்லை. துணைக்கு வருபவருக்கு 75% தள்ளுபடி. மருத்துவமனை கையெழுத்திட்ட படிவத்தோடு கவுன்ட்டருக்குப் போங்கள்.

தாத்தாவுக்கு 81. புராஸ்டேட் புற்றுநோய் எலும்புக்குப் பரவிவிட்டது, இரவெல்லாம் முனகுகிறார். மார்ஃபின் கொடுத்தால் சீக்கிரம் போய்விடுவார் என்று பயம்.

வலி அளவுக்குச் சரியாகக் கொடுத்தால் மார்ஃபின் ஆயுளைக் குறைப்பதில்லை. 2014-ல் போதைப்பொருள் சட்டத்தைத் திருத்தி இதைப் பெறுவதை எளிதாக்கினார்கள். ஆனாலும் தெருமுனை மருந்துக்கடையில் தேடாமல் வலி நிவாரணப் பிரிவுக்கே போங்கள். ஓரிடத்தில் மட்டும் எலும்பு வலி என்றால், ஒரே ஒரு முறை கொடுக்கும் ரேடியேஷனே பலருக்கு நிம்மதி தரும். அதையும் கேளுங்கள், தாத்தாவை வாரக்கணக்கில் அலைக்கழிக்க வேண்டியதில்லை. மார்ஃபின் மலச்சிக்கலைக் கொண்டுவரும், அதனால் அதை எழுதிய சீட்டிலேயே மலச்சிக்கலுக்கும் மருந்து இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், டாக்டர் அறையை விட்டு வெளியே வருவதற்கு முன்பே எழுதி வாங்கிவிடுங்கள்.