டைப் பண்ணிக் குடுத்ததுக்கு வக்கீல் நோட்டீஸுங்களா?

இணைய வருமானம்: வாசகர் கேள்வி – பதில்

வாசகி, சத்தியமங்கலம்

கேள்வி: வீட்டிலிருந்தே டைப்பிங் வேலைன்னு விளம்பரம் பார்த்துச் சேர்ந்தேனுங்க. 500 பக்கம், ஆறு நாள், பக்கத்துக்கு 40 ரூபாய். ஆதார் குடுத்து, ஒப்பந்தத்துல ஆன்லைன்லயே கையெழுத்தும் போட்டேன். முடிச்சுக் குடுத்தா, 'தப்பு அதிகம், 6,500 ரூபாய் அபராதம் கட்டு'ங்கறாங்க. வாட்ஸப்புல வக்கீல் நோட்டீஸ் வந்திருக்குது. கட்டோணுமுங்களா? ஊட்டுக்காரருக்கு இன்னும் சொல்லலைங்க.

பதில்: ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டாம். கட்டினால் விட மாட்டார்கள். 'என்ஓசி (தடையில்லாச் சான்று) கட்டணம்', 'கோர்ட் செலவு' என்று அடுத்த தொகை வரும்.

இதில் டைப்பிங் பேருக்குத்தான். அபராதம் வசூலிப்பதே அவர்கள் தொழில். கொடுத்த பக்கங்கள் மங்கலான படங்களாக இருந்திருக்குமே? ஆங்கில 'ஓ'வா பூஜ்யமா, 'ஐ'யா ஒன்றா என்று தெரியாது. நீங்கள் எதை அடித்தாலும் மற்றதுதான் சரி என்பார்கள். சிலருக்குக் கடைசி நாளன்று பார்த்து லாகினே வேலை செய்யாது.

ஒப்பந்தத்தை மீறினீர்கள் என்பது சிவில் விவகாரம். அதற்காகப் போலீஸ் வந்து கைது செய்யாது. ஒப்பந்தத்தில் எவ்வளவு பெரிய தொகை எழுதியிருந்தாலும், 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆவது பிரிவுப்படி நியாயமான இழப்பீட்டுக்கு மேல் கேட்க முடியாது. நிஜமாகவே வழக்குப் போட்டிருந்தால் எழுத்தும் எண்ணும் கலந்த 16 இலக்க சிஎன்ஆர் எண் (வழக்கின் அடையாள எண்) இருக்கும். அதைக் கேளுங்கள், நீதிமன்றங்களின் இ-கோர்ட்ஸ் தளத்தில் போட்டுப் பாருங்கள். கேட்டவுடனே பேச்சு மாறும்.

விளம்பரம், ஒப்பந்தம், வாட்ஸப் பேச்சு, கூப்பிட்ட எண்கள் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டுப் பிறகு பிளாக் செய்யுங்கள். முதலில் பிளாக் செய்துவிட்டு அப்புறம் ஆதாரம் தேடுகிறவர்கள்தான் அதிகம். மத்திய அரசின் சைபர் கிரைம் இணையதளத்தில் புகார் பதியுங்கள். ஏற்கெனவே பணம் கட்டியிருந்தால் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அழையுங்கள். எம்-ஆதார் செயலியில் பயோமெட்ரிக்கைப் பூட்டி வையுங்கள். ஊட்டுக்காரரிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். அடுத்த மிரட்டல் அவர் நம்பருக்குத்தான் போகும்.

கை வேகத்தை வீணாக்க வேண்டாம். தமிழ் டைப்ரைட்டிங்கில் ஹையர் முடித்தவராக இருந்தால், பேச்சைக் கேட்டு எழுத்தாக்கும் வேலையும் வீடியோ சப்டைட்டில் வேலையும் உண்டு. இரண்டுக்கும் எல்லாக் கணினியிலும் படிக்க முடிகிற யூனிகோட் எழுத்து வேண்டும். பழைய பாமினி எழுத்துருவில் மட்டும் அடித்துப் பழகியவர்கள் தமிழ்99 விசைப்பலகைக்கு மாற ஒரு மாதம் ஒதுக்க வேண்டும். கூலி பேசும்போது ஒன்றைக் கவனியுங்கள்: 'ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு' என்றால் அது ஆடியோவின் மணி நேரமா, உங்கள் வேலையின் மணி நேரமா? தெளிவான ஒரு மணி நேரப் பேச்சை அடித்துச் சரிபார்க்கப் புதியவர்களுக்கு நாலு முதல் ஆறு மணி நேரம் ஆகும். பின்னால் விசைத்தறி ஓடுகிற பேட்டி என்றால் கேட்கவே வேண்டாம்.


மாணவர், ராசிபுரம்

கேள்வி: டெலிகிராம்ல ஹோட்டலுக்கு அஞ்சு ஸ்டார் போட்டா 50 ரூபாய்னாங்க. மூணு தடவை நிஜமாவே 150 ரூபாய் வந்துச்சுங்க. இப்ப 3,000 கட்டினா 4,200 வருமாம். போடலாமுங்களா?

பதில்: எலிப்பொறியில் வைத்த மசால்வடை அந்த 150 ரூபாய். 3,000 கட்டினால் திரையில் 4,200 தெரியும். எடுக்கப் போனால் 'டாஸ்க் முடியவில்லை, இன்னும் 10,000 போடு' என்று இழுப்பார்கள். இன்னொன்று: உங்களுக்கு வந்த 150, வேறொருவர் ஏமாந்து கட்டிய பணமாக இருக்கலாம். அவர் புகார் கொடுத்தால் அந்தப் பணம் போன கணக்குகள் ஒவ்வொன்றாக முடக்கப்படும். உங்களுடையதும் அதில் சிக்கலாம். குரூப்பை விட்டு வெளியே வாருங்கள். 'உன் பேங்க் அக்கவுண்ட்டைக் கொடு, கமிஷன் தருகிறோம்' என்று அடுத்து யாராவது கேட்டால் அது இதைவிட மோசம். அங்கே நீங்கள் ஏமாந்தவராக நிற்க மாட்டீர்கள், குற்றம் சாட்டப்பட்டவராக நிற்பீர்கள்.


வாசகி, அவிநாசி

கேள்வி: திருப்பூர்ல எக்ஸ்போர்ட் கம்பெனியில ஏழு வருசம் மெர்ச்சண்டைசரா இருந்தனுங்க. குழந்தை பிறந்த பின்னாடி வேலைக்குப் போக முடியலை. டிஜிட்டல் மார்க்கெட்டிங் படிச்சா வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம்னு 35,000 ரூபாய் கோர்ஸ் சொல்றாங்க. சேரட்டுமுங்களா?

பதில்: கையில் வெண்ணெய் இருக்கிறது, நெய்க்கு அலைய வேண்டாம். உங்களுக்குத் தெரிந்த வேலைக்கே இணையத்தில் ஆள் தேடுகிறார்கள். அதன் பெயர் டெக் பேக்: ஒரு உடுப்பைத் தைக்க ஃபேக்டரிக்குத் தேவையான எல்லா விவரமும் எழுதிய குறிப்பு. வெளிநாட்டில் சொந்தமாகச் சின்ன டி-சர்ட் பிராண்டு தொடங்குகிறவர்களிடம் டிசைன் இருக்கும், ஆனால் ஃபேக்டரிக்கு என்ன எழுதிக் கொடுப்பதென்று தெரியாது. ஓவர்லாக் தையல் எங்கே, பேட்லாக் (ஃபிளாட்லாக்) தையல் எங்கே என்று நீங்கள் தூக்கத்தில்கூடச் சொல்வீர்கள்.

முதலில் காட்டுவதற்கு மாதிரி வேண்டும். பழைய கம்பெனியின் ஃபைலை எடுத்துப் போட்டுவிடாதீர்கள். அது பையரின் (ஆர்டர் கொடுத்த கம்பெனியின்) சொத்து. வேலைக்கும் பெயருக்கும் சேர்ந்து வேட்டு. காதர்பேட்டையில் ஒரு ரவுண்ட் நெக், ஒரு போலோ, ஒரு குழந்தை ரோம்பர் வாங்கி, தையலைப் பிரித்து, மூன்றுக்கும் நீங்களே டெக் பேக் போடுங்கள். ஒவ்வொன்றிலும் முன்பக்கமும் பின்பக்கமும் ஃபிளாட் ஸ்கெட்ச், அளவுப் பட்டியல், துணி விவரம், தையல் விவரம், லேபிள் எங்கே, பேக்கிங் எப்படி என்று ஐந்தாறு பக்கம் வரும். ஸ்கெட்ச்சுக்கு இங்க்ஸ்கேப் என்ற இலவச வரைபட மென்பொருள் போதும். இல்லஸ்ட்ரேட்டருக்கு மாதாமாதம் கட்ட வேண்டும், வேலை வந்தபின் பார்த்துக்கொள்ளலாம். அளவுப் பட்டியலுக்கு எக்ஸெல்.

ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) பார்க்கக் கட்டர் இல்லையா? துணியைச் சரியாக 10 செ.மீ.க்கு 10 செ.மீ. வெட்டி, நகை எடை போடும் சிறு தராசில் வையுங்கள். 1.8 கிராம் வந்தால் 180 ஜிஎஸ்எம். இழுத்துப் பிடித்து வெட்டினால் எடை குறைத்துக் காட்டும். துணியைச் சற்று நேரம் சும்மா பரப்பிப் போட்டுவிட்டு வெட்டுங்கள்.

புதியவர்கள் சறுக்குவது அளவுப் பட்டியலில்தான். 'நெஞ்சு 52' என்று மட்டும் எழுதினால் போதாது. அரை நெஞ்சா, முழுச் சுற்றா? அக்குளிலிருந்து 2.5 செ.மீ. கீழே அளந்ததா, அக்குளிலேயே அளந்ததா? நீளம் தோளின் உச்சியிலிருந்தா, கழுத்தின் நடுவிலிருந்தா? செ.மீ.யா, இன்ச்சா? துவைப்பதற்கு முன்பா, பின்பா? ஒவ்வொரு வரிக்கும் எதிரே டாலரன்ஸ் (எவ்வளவு கூடக் குறைய இருக்கலாம் என்பது) போடுங்கள்: அரை நெஞ்சுக்கு ±1 செ.மீ. என்பதுபோல. இதில் ஒன்று விட்டாலும் சாம்பிள் தப்பாகி வரும், பழி உங்கள் மேல் விழும்.

விலைக்கு ஒரு கணக்கு. கடைசியாக வாங்கிய சம்பளம் 25,000 என்று வைப்போம். 26 நாள், எட்டு மணி நேரம் என்றால் 208 மணி. மணிக்குச் சுமார் 120 ரூபாய். ஆள் தேடுவது, பேசுவது, திருத்துவது என்று பாதி நேரம் கூலியில்லாமல் போகும், ஆகவே இரட்டிப்பாக்கி 240 போடுங்கள். ஒரு ஸ்டைலுக்கு எட்டு மணி நேரம் ஆனால் 1,920. இணையத்தில் இப்படி வேலை பிடித்துத் தரும் ஃபைவர் தளம் 20 சதவீதம் பிடிக்கும்; 1,920-ஐ 0.8-ஆல் வகுத்தால் 2,400. இதற்குக் கீழே இறங்கினால் கைக்காசு போட்டு வேலை செய்வதாகத்தான் அர்த்தம். திருத்தம் இரண்டு தடவை மட்டும் என்று முதலிலேயே எழுதிவிடுங்கள். ஃபைவரில் புதியவர்களுக்கு வேலை முடிந்து 14 நாள் கழித்துத்தான் பணத்தை எடுக்க முடியும். வீட்டுச் செலவை அதற்கேற்பத் திட்டமிடுங்கள்.

டாலர் வந்தால் வங்கியிலிருந்து வரவுச் சான்று வாங்கி வையுங்கள், வருமான வரிக்கு உதவும். சேவைக்கு வருட வரவு 20 லட்சம் தாண்டும்வரை ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. அந்த 35,000 உங்களிடமே இருக்கட்டும். நல்ல நாற்காலி ஒன்று வாங்குங்கள், முதுகு முக்கியம்.


வாசகர், சென்னிமலை

கேள்வி: எங்க தறியில நெய்யற பெட்ஷீட்டை ஆன்லைன்ல போட்டமுங்க. ஆர்டர் வருது, ஆனா கூரியருக்கும் ரிட்டர்னுக்கும் போக ஒண்ணும் நிக்கறதில்லீங்க. ஜிஎஸ்டி வேற கேக்கறாங்க.

பதில்: கூரியரை முதலில் பார்ப்போம். கம்பெனிகள் நிஜ எடை, கன அளவு எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் காசு வாங்கும். நீளம், அகலம், உயரத்தை செ.மீ.யில் பெருக்கி 5,000-ஆல் வகுத்தால் கன அளவு எடை கிலோவில் வரும். உங்கள் பெட்ஷீட் 1.3 கிலோ என்று வைப்போம். 35 × 30 × 12 அட்டைப்பெட்டியில் போட்டால் 12,600-ஐ 5,000-ஆல் வகுக்க 2.52 கிலோ. அரை கிலோ அரை கிலோவாகத்தான் கணக்கு என்பதால் 3 கிலோவுக்கான காசு! அதே பெட்ஷீட்டைப் பாலித்தீனில் காற்றை அமுக்கி எடுத்து, 35 × 28 × 6 அளவில் கூரியர் பையில் போட்டால் 1.18 கிலோதான். அப்போது நிஜ எடைக்கு, அதாவது 1.5 கிலோவுக்குக் கட்டினால் போதும். கவர் செலவும் பெட்டியைவிடக் குறைவு. ஒவ்வொரு பார்சலையும் தராசில் வைத்தும், டேப் வைத்தும் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். எடை வித்தியாசம் என்று பில் வரும்போது அதுதான் சாட்சி.

அடுத்தது கேஷ் ஆன் டெலிவரி. பத்து ஆர்டரில் இரண்டு திரும்பினால், போக 80, வர 80 என்று 320 ரூபாய் நஷ்டம். மீதி எட்டின் லாபத்தில் தலைக்கு 40 ரூபாய் அதற்கே போகிறது. முன்பணம் கட்டுகிறவருக்கு 40 ரூபாய் தள்ளுபடி கொடுத்துப் பாருங்கள், உங்களுக்கு நஷ்டமில்லை. கேஷ் ஆன் டெலிவரி ஆர்டர் என்றால் அனுப்புமுன் ஒரு போன் போடுங்கள். எடுக்காதவருக்கு அனுப்பாதீர்கள்.

ரிட்டர்னுக்குப் பெரும்பாலும் நிறமும் அளவும்தான் காரணம். காலை வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்துப் படமெடுங்கள். தாள் வெள்ளையாகத் தெரிந்தால் துணியின் நிறமும் சரியாக இருக்கும். 'டபுள்' என்று மட்டும் எழுதாமல் செ.மீ.யில் அளவு போடுங்கள், கைத்தறியில் 2-3 செ.மீ. முன்னே பின்னே இருக்கும் என்பதையும் சேர்த்து. சாயம் போகும் ரகமாக இருந்தால் 'முதல் தடவை தனியாக அலசவும்' என்ற சீட்டை உள்ளே வையுங்கள். விசைத்தறிச் சரக்கைக் கைத்தறி என்று போட்டுவிடாதீர்கள். பெட்ஷீட், 1985-ஆம் ஆண்டுச் சட்டப்படி கைத்தறிக்கு ஒதுக்கிய ரகங்களில் ஒன்று.

ஜிஎஸ்டி: வருட விற்றுமுதல் 40 லட்சத்துக்குள், தமிழ்நாட்டுக்குள் மட்டும் விற்பனை என்றால், 2023 அக்டோபர் 1 முதல் பதிவு இல்லாமலே பெரிய விற்பனைத் தளங்களில் விற்கலாம். ஜிஎஸ்டி தளத்தில் பான் எண் கொடுத்து என்ரோல்மென்ட் எண் வாங்கினால் போதும். பெங்களூருக்கும் பாலக்காட்டுக்கும் அனுப்புவதாக இருந்தால் பதிவு எடுத்துவிடுங்கள். நூலுக்கு நீங்கள் கட்டும் வரியையும் அப்போது கழித்துக்கொள்ளலாம்.


வாசகர், காங்கேயம்

கேள்வி: நாட்டு மாடு பத்தி யூடியூப் சேனல் வெச்சிருக்கறனுங்க. 1,100 பேர் சேர்ந்துட்டாங்க, ஆனா வருமானத்துக்கு வேணுங்கற 4,000 மணி நேரப் பார்வை ஆகலை. 1,500 ரூபாய்க்கு மணி நேரம் வாங்கித் தர்றதா ஒருத்தர் சொல்றாரு.

பதில்: வாங்காதீர்கள். போலிப் பார்வையை யூடியூப் கழித்துவிடும், சேனலுக்கும் ஆபத்து. ஷார்ட்ஸ் ஃபீடில் பார்த்த நேரம் இந்த 4,000-இல் சேராது என்பதையும் மனதில் வையுங்கள். 30 விநாடித் துண்டுகளாகவே போட்டுக்கொண்டிருந்தால் வருடம் முழுக்கக் காத்திருக்க வேண்டியதுதான். காளையின் பல் பார்த்து வயது சொல்வது, சுழி பார்ப்பது, சந்தையில் விலை பேசுவது என்று எட்டுப் பத்து நிமிட வீடியோக்கள் போடுங்கள். மாடு வாங்கப் போகிறவர் அதைக் கடைசிவரை பார்ப்பார்.

அனுமதி கிடைத்தபின் இன்னொரு இடத்தில் மாட்டுவார்கள். வருமானம் 10 டாலரைத் தொட்டதும், விளம்பரப் பணம் தரும் கூகுளின் ஆட்சென்ஸ் ஒரு பின் எண்ணைத் தபாலில் அனுப்பும். நாலு மாதத்துக்குள் அதைப் போடவில்லை என்றால் விளம்பரம் நின்றுவிடும். தோட்டத்து வீடுகளுக்கு அந்தக் கடிதம் வந்து சேருவதில்தான் சிக்கல். முகவரியில் தோட்டத்தின் பெயரோடு தபால் நிலையத்தின் பெயர், பின்கோடு இரண்டையும் எழுதுங்கள், தபால்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். பெயர் பேங்க் பாஸ்புக்கில் உள்ளபடியே இருக்கட்டும். அமெரிக்க வரிப் படிவத்தையும் நிரப்பிவிடுங்கள். விட்டால் மொத்த வருமானத்தில் 24 சதவீதம்வரை பிடித்துவிடுவார்கள். 100 டாலர் சேர்ந்தபின்தான் கணக்குக்கு வரும்.


வாசகி, கோபிசெட்டிபாளையம்

கேள்வி: மசாலாப் பொடி ஆன்லைன்ல விக்க, சிறுதொழிலுக்கான உத்யம் சான்று எடுத்துத் தர 2,500 ரூபாய் கேக்கறாங்க. நியாயமுங்களா?

பதில்: உத்யம் பதிவு இலவசம். ஆதாரும் பானும் இருந்தால் அரசுத் தளத்தில் நீங்களே அரை மணி நேரத்தில் முடித்துவிடலாம். தேடலில் மேலே வரும் விளம்பரத் தளங்களில் நுழைந்துவிடாதீர்கள், அரசுத் தளம் போலவே இருக்கும். பொடிக்கு முக்கியம் எஃப்எஸ்எஸ்ஏஐ, அதாவது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதிவு. சிறிய அளவில் விற்பதென்றால் அடிப்படைப் பதிவு, வருடத்துக்கு 100 ரூபாய். அந்த 14 இலக்க எண் பாக்கெட்டில் இருக்க வேண்டும்.